வெள்ளிக்கிழமை எக்ஸ்சேஞ்ச் செய்யலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் லண்டன் ஹரோவில் ஒரு லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை) ஃபிளாட்டில் கன வருடமாக இருக்கிறோம். அதை 365,000 பவுண்ஸுக்கு விற்று, ரைஸ்லிப்பில் 640,000 பவுண்ஸுக்கு ஒரு வீடு வாங்க ஒத்துக்கொண்டு நாலு மாதமாகிறது. இன்னும் எக்ஸ்சேஞ்ச், அதாவது இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தால் கட்டுப்படுவது, ஆகவில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மா தன் பேரில் இருந்த காணியை விற்று 45,000 பவுண்ஸ் தந்தார். எங்கள் சீட்டுக் காசு 18,000 இருக்கிறது. இந்தக் காசு எப்படி வந்தது என்று லோயர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மாவின் பாஸ்போர்ட், காணி விற்ற உறுதி, வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டுமாம். "நாங்கள் என்ன கள்ளரா?" என்று என் கணவருக்குக் கோபம். அம்மா எங்களோடுதான் இருப்பார். அவரும் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டுமாம், அதுவும் வேறொரு லோயரிடம் போய். வாங்கும் வீட்டின் லொஃப்ட் அறைக்குக் கவுன்சில் சான்றிதழ் இல்லை. விற்பவர் ஏதோ இன்சூரன்ஸ் எடுத்துத் தருகிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் எக்ஸ்சேஞ்ச் செய்யாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும், தாங்கள் சொல்லும் லோயரிடம் மாறுங்கள் என்று ஏஜன்ட் நெருக்குகிறார். ஊரில் என் பேரில் ஒரு சீதன வீடு இருக்கிறது, அதை லோயரிடம் நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? ஊரில் நொத்தாரிசிடம் போய் ஒரே நாளில் உறுதி முடிப்பார்களே, இங்கே ஏன் இப்படி?

- வாசகி, ஹரோ

அன்புத் தங்கைக்கு,

வெள்ளிக்கிழமை எக்ஸ்சேஞ்ச் செய்யாதீர்கள். உங்கள் லோயர் "இனிச் செய்யலாம்" என்று எழுத்தில் சொல்லும்வரை எந்தக் கிழமையும் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியதை வாசித்தால் அவர் இழுத்தடிப்பதாக எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறார். ஏன் கேட்கிறார் என்பதை உங்களுக்கு விளங்கப்படுத்தாமல் விட்டுவிட்டார், அது அவருடைய குறை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலை பேசி ஒத்துக்கொண்டதால் மட்டும் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல. வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பேசிய நிபந்தனைகள் எல்லாம் அதில் அடங்க வேண்டும், இரண்டு பக்கமும் கையொப்பம் வைக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே விற்பவர் வேறு ஆளிடம் போகலாம் என்று ஏஜன்ட் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதே சுதந்திரம் உங்களுக்கும் இருக்கிறது. இன்றைக்கு விலகினாலும் சர்வேக்கும் கவுன்சில் தேடுதல்களுக்கும் (வீட்டைப் பற்றிக் கவுன்சிலிடம் லோயர் எடுக்கும் விபரங்கள்) கட்டிய காசும், லோயர் இதுவரை செய்த வேலைக்கான கட்டணமும்தான் போகும்.

எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு கதை வேறு. அது எப்படி நடக்கிறது தெரியுமா? நீங்கள் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் திகதி போடாமல் உங்கள் லோயரின் ஃபைலில் இருக்கும். விற்பவருடையது அவருடைய லோயரிடம் இருக்கும். ஒரு நாள் இருவரும் தொலைபேசியில் பேசி, இரண்டு பிரதியும் ஒன்றுதானா என்று பார்த்து, கொம்பிளீஷன் திகதியை (மீதிக் காசு கட்டி வீடு கைமாறும் நாளை) எழுதி, நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். சில நிமிட வேலை. அந்த நேரத்திலிருந்து நீங்கள் கட்டுப்பட்டவர்கள். வழமையான 10 வீத டெபொசிட் என்றால் உங்கள் கணக்கில் அது 64,000 பவுண்ஸ். குறித்த நாளில் மீதிக் காசு வந்து சேராவிட்டால் வட்டி ஏறும். விற்பவர் 10 வேலை நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்பலாம். அதுவும் தவறினால் டெபொசிட்டை வைத்துக்கொண்டு வீட்டை வேறு ஆளுக்கு விற்கலாம், அதற்கு மேல் நட்டம் வந்தால் அதையும் உங்களிடம் கேட்கலாம். நாலு மாதமாக நடக்கிற கேள்வி பதில் எல்லாம் அந்தச் சில நிமிடங்களுக்கான ஆயத்தம்தான்.

ஊரில் ஒரே நாளில் முடிந்தது கையெழுத்து மட்டும். அதற்கு முன் காணிப் பதிவகத்தில் தேடி, பழைய உறுதிகளைப் பார்த்து, எல்லைகளைச் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் முடித்த உறுதிகளால் வருடக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைகிற குடும்பங்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இங்கே இன்னொரு வித்தியாசமும் உண்டு. மோட்கேஜ் தருகிற வங்கிக்கும் பெரும்பாலும் உங்கள் லோயர்தான் லோயர். அதனால் உங்களுக்குக் காசு யார் தருகிறார்கள், வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள், லொஃப்டுக்குச் சான்றிதழ் உண்டா என்பதையெல்லாம் அவர் வங்கிக்கும் சொல்லியாக வேண்டும்.

இனிக் காசு விஷயம். உங்கள் கணவரின் கோபம் எனக்கு விளங்குகிறது. இரவு பகலாக வேலை செய்து சேர்த்த காசை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தால் யாருக்கும் மனம் நோகும். ஆனால் இந்தக் கேள்வி உங்கள் நிறத்தையோ பெயரையோ பார்த்து வருவதல்ல. பணச் சலவைத் தடுப்பு விதிகள் 2017இல் வந்தவை. அவற்றின்படி வாங்குகிறவருடைய காசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது லோயரின் கடமை. கண்டும் காணாமல் விட்டால் அவருடைய தொழிலே போகும், 2002ஆம் ஆண்டின் குற்ற வருமானச் சட்டத்தில் சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. சம்பளத்தில் சேமித்த ஓர் ஆங்கிலேயரிடமும் வங்கிக் கணக்கு விபரம் கேட்கத்தான் செய்வார்கள். அவருடைய காசு ஒரே கணக்கில் கிடக்கும், எங்களுடையது நாலு இடம் சுற்றி வரும். கேள்வி கூடுவது அதனால்தான்.

அம்மாவின் 45,000 எப்படி லண்டனுக்கு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. வங்கியிலிருந்து வங்கிக்கு வந்திருந்தால் வேலை சுலபம். காணி விற்ற உறுதியின் பிரதி, அதற்கு ஒரு முறையான ஆங்கில மொழிபெயர்ப்பு, விற்ற காசு அம்மாவின் கணக்கில் விழுந்ததைக் காட்டும் பக்கம், அது இங்கே வந்ததைக் காட்டும் பக்கம் ஆகியவற்றை ஒன்றாகக் கொடுத்தால் லோயருக்குக் கதை முழுதாகத் தெரியும். ஒவ்வொன்றாக, அவர் கேட்கக் கேட்க அனுப்புகிறீர்கள் என்றால் உங்கள் நாலு மாதத்தில் பாதி அதிலேயே போயிருக்கும். உண்டியலில் (வங்கி வழியாக அல்லாமல் ஆள் மூலம்) வந்திருந்தால் அதையும் ஒளிக்காமல் இப்போதே சொல்லுங்கள். அந்தக் காசை எடுக்க முடியாது என்று அவர் சொல்லக்கூடும். சொன்னால் மனவருத்தம்தான், ஆனால் எக்ஸ்சேஞ்சுக்கு முன் தெரிந்தால் மோட்கேஜைக் கூட்டலாமா, விலையைக் குறைத்துக் கேட்கலாமா என்று யோசிக்க நேரம் இருக்கும். எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு தெரிந்தால் 64,000 ஆபத்தில் இருக்கும்.

சீட்டுக் காசும் அப்படித்தான். சீட்டு என்றால் என்ன என்று உங்கள் லோயருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பேர் சேர்ந்தீர்கள், மாதம் எவ்வளவு கட்டினீர்கள், எந்த மாதம் எடுத்தீர்கள், சீட்டுப் பிடிக்கிறவர் யார். மாதாமாதம் கட்டிய காசு உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போனதைக் கோடிட்டுக் காட்டுங்கள். சீட்டுப் பிடிப்பவரின் கொப்பியில் உங்கள் பக்கத்தைப் படமெடுத்துச் சேருங்கள். இதை ஏற்றுக்கொள்ளும் லோயர்களும் இருக்கிறார்கள், ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: அந்தக் காசை ஒரு நண்பரின் கணக்கில் போட்டு, அவர் கடன் தந்ததாகவோ அன்பளிப்புத் தந்ததாகவோ காட்டுவது. நேர்மையாக வந்த காசைக் களவாகக் காட்டும் வேலை அது. எங்கள் ஆட்கள் பலர் நல்ல மனதோடு இந்த யோசனையைச் சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் யோசனையாக இருந்தது அம்மாவின் விஷயம். கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள், முடிந்தால் கணவரோடு சேர்ந்து.

அம்மாவிடம் இரண்டு கையெழுத்துக் கேட்கிறார்கள். முதலாவது, அன்பளிப்புக் கடிதம். "இந்த 45,000 பவுண்ஸ் என் மகளுக்கு அன்பளிப்பு. இதைத் திருப்பித் தரத் தேவையில்லை. வீட்டில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை" என்பதுதான் அதன் சாரம். இரண்டாவது, வீட்டில் இருக்கப்போகும் வளர்ந்தவர்களிடம் வங்கி வாங்கும் படிவம். "இந்த வீட்டில் எனக்கு ஏதாவது உரிமை இருந்தாலும் அது வங்கியின் உரிமைக்குப் பின்னால்தான். மகளும் மருமகனும் கடன் கட்டாமல் வங்கி வீட்டை எடுத்தால் நான் தடுக்க மாட்டேன், எழும்பிப் போவேன்" என்பது அதன் சாரம். அதில் கையெழுத்து வைத்தால் மோட்கேஜ் அம்மாவின் தலையில் விழாது. அந்தப் பயம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன் பேரில் இருந்த காணியை விற்று, அந்தக் காசு முழுவதையும் தந்து, வயதான காலத்தில் அந்த வீட்டிலேயே இருக்கப்போகும் ஒருவருக்கு அந்த வீட்டில் எழுத்தில் எதுவும் இல்லை. அம்மா மனதார விரும்பித் தருகிறார், கனடாவிலோ ஊரிலோ உள்ள உங்கள் சகோதரங்களுக்கும் தெரியும், எல்லோருக்கும் சம்மதம் என்றால் அது நல்ல அன்பளிப்பு. எத்தனையோ தாய்மார் இப்படித்தான் பிள்ளைகளைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். ஆனால் "பிறகு ஆறுதலாகத் திருப்பித் தருவோம்" என்று வீட்டுக்குள் ஒரு பேச்சு இருந்தால் அது அன்பளிப்பு அல்ல, கடன். அப்படி இருக்க, திருப்பித் தரத் தேவையில்லை என்று கையெழுத்து வைத்தால் வங்கியிடம் பொய் சொன்னதாகும். அம்மாவுக்கு ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், பங்கை எழுதி வைக்கும் நம்பிக்கைப் பத்திரம் ஒன்று செய்யலாம், அல்லது அம்மாவின் பெயரையும் சேர்க்கலாம். இரண்டுக்கும் வங்கி ஒத்துக்கொள்ள வேண்டும். சில வங்கிகள் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் இதை எக்ஸ்சேஞ்சுக்கு முந்திய வாரத்தில் அவசரமாக முடிவெடுக்க முடியாது.

வேறொரு லோயரிடம் அனுப்புவதும் அம்மாவின் பாதுகாப்புக்குத்தான். உங்கள் லோயர் உங்களுக்கும் வங்கிக்கும் வேலை செய்பவர், அம்மாவுக்கு அல்ல. அம்மா போகும் லோயர் அவரைத் தனியாக இருத்தி, நீங்களோ உங்கள் கணவரோ பக்கத்தில் இல்லாமல், விளங்கித்தான் செய்கிறாரா, யாராவது நெருக்குகிறார்களா என்று கேட்பார். மொழிபெயர்க்க நீங்கள் உள்ளே போகாதீர்கள். தமிழ் பேசும் லோயராகப் பாருங்கள், அல்லது வெளியாள் ஒருவரை மொழிபெயர்ப்புக்கு ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் வரும், அதை நீங்கள் கட்டுங்கள். அம்மா பென்ஷன் கிரெடிட் போன்ற அரச உதவி எடுப்பவர் என்றால், இந்தத் தொகையைக் கொடுத்துவிட்டது அந்த உதவியைப் பாதிக்குமா என்றும் அங்கே கேட்கச் சொல்லுங்கள். பாதிக்கலாம்.

அடுத்தது லொஃப்ட். லொஃப்டை அறையாக மாற்றப் பல வீடுகளுக்குப் பிளானிங் அனுமதி தேவைப்படாது. ஆனால் கட்டட விதிமுறைகளின்படி கவுன்சிலோ அங்கீகாரம் பெற்ற பரிசோதகரோ பார்த்து, வேலை முடிந்ததற்குச் சான்றிதழ் தர வேண்டும். பாரம் தாங்க இரும்பு பீம் போட்டார்களா, நிலத்தின் குறுக்குமரங்கள் அறைக்கு ஏற்றவையா, தீப்பிடித்தால் மேலே படுத்திருக்கும் பிள்ளை இறங்கி வர வழி இருக்கிறதா, கதவுகள் தீயைத் தாங்குமா என்று பார்த்துத் தரும் சான்றிதழ் அது. அது இல்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

விற்பவர் தருகிறேன் என்கிற இன்சூரன்ஸ், கவுன்சில் நாளைக்கு நடவடிக்கை எடுத்தால் வரும் செலவுக்கானது. கூரை இறங்கினால் திருத்த அது காசு தராது. அறையைப் பாதுகாப்பானதாகவும் ஆக்காது. சின்ன விஷயங்களுக்கு, எப்போதோ மாற்றிய ஜன்னல்களுக்குச் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்றால், இந்த இன்சூரன்ஸை எடுத்துக்கொண்டு போகலாம். பிள்ளைகள் படுக்கப்போகும் அறைக்கு நான் அதை மட்டும் நம்பமாட்டேன். லெவல் 3 சர்வே (வீட்டின் கட்டுமானத்தை விரிவாகப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தீர்களா? வங்கி தன் திருப்திக்காக அனுப்பிய மதிப்பீட்டாளர் எழுதியதை சர்வே என்று நினைக்காதீர்கள், அது வங்கிக்கானது. லெவல் 3 எடுக்கவில்லை என்றால் ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரை இந்த வாரமே அந்த லொஃப்டுக்கு ஏற்றுங்கள். அவர் பயமில்லை என்றால் நல்லது. அந்த அறையைப் படுக்கையறையாகக் கணக்கில் எடுக்கலாமா என்று கேளுங்கள். எடுக்க முடியாது என்றால் நாலு அறை வீட்டின் விலையில் மூன்று அறை வீட்டைத்தான் வாங்குகிறீர்கள், விலையைத் திரும்பப் பேசலாம்.

ஒரு கவனம்: அவசரப்பட்டு நீங்களே கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்து "இந்த வீட்டு லொஃப்டுக்குச் சான்றிதழ் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். கவுன்சிலுக்குத் தெரியப்படுத்தினால் அதன் பிறகு அந்த இன்சூரன்ஸ் கிடைக்காது. விற்பவரே கவுன்சிலிடம் விண்ணப்பித்து, முடிந்த வேலையை முறைப்படுத்திச் சான்றிதழ் எடுக்கவும் வழி இருக்கிறது. இன்சூரன்ஸா, முறைப்படுத்தலா என்று உங்கள் லோயரோடு பேசி முடிவெடுத்த பிறகுதான் யாரும் கவுன்சிலோடு பேச வேண்டும்.

லோயர் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை என்பதையும் மறக்காதீர்கள். அவர் பார்ப்பது காகிதத்தை. நிலப் பதிவகத்தின் வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் வீட்டைச் சுற்றிக் காட்டியிருப்பார்கள். அதன் பிரதியைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ரைஸ்லிப் வீட்டை ஒருக்கால் சுற்றி நடந்து பாருங்கள். பின் வேலி அந்தக் கோட்டோடு ஒத்துப்போகிறதா? பின்னால் கராஜ் இருந்தால் அது கோட்டுக்குள்ளா வெளியிலா? கராஜுக்குப் போகும் பாதை யாருடையது? 1930களில் கட்டிய அந்தப் பக்கத்து வீடுகளில் பின் பாதையும் பக்கத்து வீட்டோடு பங்கு போடும் வழியும் சாதாரணம். கண்ணால் கண்டது வரைபடத்தோடு ஒத்துவராவிட்டால் ஒரு படம் எடுத்து லோயருக்கு அனுப்புங்கள். இதை உங்களைத் தவிர வேறு யாரும் செய்யப்போவதில்லை.

ஏஜன்ட் விற்பவருக்கு வேலை செய்பவர். அவர் சொல்லும் லோயரிடம்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆள் அனுப்புவதற்கு அவருக்குக் கொமிஷன் கிடைக்கிறதென்றால் அதை உங்களிடம் சொல்ல வேண்டும். நாலு மாதம் போன ஃபைலை இப்போது மாற்றினால் அடையாள ஆவணங்கள், காசின் கதை எல்லாம் முதலிலிருந்து. புது லோயர் உங்கள் வங்கியின் பட்டியலில் இருக்க வேண்டும், வங்கி அவருக்குப் புதிதாக அறிவுறுத்தல் அனுப்ப வேண்டும், பழையவருக்கும் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை அல்ல, அடுத்த மாதமும் முடியாது. புது லோயரும் இதே கேள்விகளைத்தான் கேட்பார்.

அதற்குப் பதிலாக உங்கள் லோயருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஃபைல் இலக்கத்தைத் தலைப்பில் போடுங்கள். மூன்று கேள்விகள் போதும்: எக்ஸ்சேஞ்சுக்கு முன் இன்னும் என்னென்ன வர வேண்டும், அவை யாரிடமிருந்து வர வேண்டும், எங்கள் மோட்கேஜ் ஒஃபர் எந்தத் திகதி முடிகிறது. பதில் வந்தால் பாதிப் பிரச்சினை உங்கள் பக்கத்தில் இல்லை என்பது தெரியவரும் என்று நினைக்கிறேன். நீங்கள் விற்பது லீஸ்ஹோல்ட் ஃபிளாட். கட்டடத்தை நிர்வகிக்கும் கொம்பனி சேவைக் கட்டணம், இன்சூரன்ஸ், வரப்போகும் பெரிய திருத்தவேலைகள் பற்றி ஒரு தொகுப்புத் தர வேண்டும். அதற்கு நீங்கள்தான் காசு கட்ட வேண்டும், அதற்கே கிழமைக்கணக்கில் எடுக்கும். கட்டடம் 11 மீற்றருக்கு மேல் அல்லது ஐந்து மாடி என்றால் 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்னும் சில பத்திரங்கள் வேண்டும். அந்தக் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்து நெருக்குவது நீங்களே செய்யக்கூடிய வேலை. ஒவ்வொரு நாளும் லோயரின் அலுவலகத்துக்கு எடுப்பதைவிட அது பலன் தரும்.

இவ்வளவும் செய்தும் அவர் பதிலே தராவிட்டால், முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். 8 கிழமைக்குள் தீராவிட்டால் லீகல் ஒம்பட்ஸ்மனிடம் (லோயர்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போகலாம், செலவில்லை.

இப்போது சீதன வீடு. கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது கட்டும் வரி) கணக்கில் உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் வீடும் வீடுதான். கணவன் மனைவியில் ஒருவர் பேரில் இருந்தாலும் இருவருக்கும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வீதப்படி 640,000க்குச் சாதாரண வரி 22,000 பவுண்ஸ்: முதல் 125,000க்கு இல்லை, அடுத்த 125,000க்கு 2 வீதப்படி 2,500, மீதி 390,000க்கு 5 வீதப்படி 19,500. இன்னொரு வீடு வைத்திருப்பவர் வாங்கினால் முழு விலைக்கும் மேலதிகமாக 5 வீதம், அதாவது இன்னும் 32,000. ஊர் வீட்டில் உங்கள் பங்கின் பெறுமதி 40,000 பவுண்ஸுக்குக் குறைவென்றால் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

பயப்படாதீர்கள். நீங்கள் குடியிருந்த வீட்டை விற்றுக் குடியிருக்க இன்னொன்று வாங்குகிறீர்கள், அதனால் சீதன வீடு இருந்தாலும் அந்த 32,000 வராது. ஒரு நிபந்தனை: ஃபிளாட் விற்பனை அதே நாளில் அல்லது அதற்கு முன்பு முடிந்திருக்க வேண்டும். "முதலில் வீட்டை வாங்குங்கள், ஃபிளாட்டைப் பிறகு பார்க்கலாம்" என்று ஏஜன்ட் ஒரு நாள் சொல்லக்கூடும். சம்மதிக்காதீர்கள். அப்படிச் செய்தால் 32,000த்தை முதலில் கட்டி, மூன்று வருடத்துக்குள் ஃபிளாட்டை விற்ற பிறகு திருப்பிக் கேட்க வேண்டும். உங்கள் லோயர் இரண்டு எக்ஸ்சேஞ்சையும் ஒன்றாகவே செய்ய வேண்டும் என்று அந்த மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். (இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: முதல் வீடு வாங்குபவருக்கான சலுகையும் அப்படித்தான். ஊரில் உங்கள் பேரில் எப்போதாவது ஒரு வீடு இருந்திருந்தால், பரம்பரையாக வந்ததென்றாலும், அந்தச் சலுகை இல்லை. சேர்ந்து வாங்குபவர்களில் ஒருவருக்கு அப்படி வீடு இருந்திருந்தாலே சலுகை போய்விடும்.)

எல்லாம் சரிவந்து எக்ஸ்சேஞ்ச் நெருங்கும்போது இரண்டு வேலை. வழமையான ஒப்பந்தத்தில் எக்ஸ்சேஞ்ச் ஆன நேரத்திலிருந்து வீடு எரிந்தாலும் வெள்ளம் வந்தாலும் நட்டம் வாங்குபவருக்குத்தான், ஆகவே கட்டட இன்சூரன்ஸ் அன்றைக்கே தொடங்க வேண்டும். மற்றது, லோயரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புது இலக்கத்துக்குக் காசை அனுப்புங்கள் என்று அவர் பெயரில் மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்து கள்ளர் செய்யும் வேலை அது. எத்தனையோ குடும்பங்கள் வீட்டுக் காசு முழுவதையும் இழந்திருக்கின்றன. முதல் நாள் தந்த கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து, கணக்கு இலக்கத்தை அவர் வாயால் சொல்லக் கேட்டு, ஒரு சின்னத் தொகையை முதலில் அனுப்பி, வந்து சேர்ந்தது என்று உறுதியான பிறகு மீதியை அனுப்புங்கள்.

ஏஜன்டுக்கு நாளைக்கே பதில் சொல்லுங்கள்: நாங்கள் வாங்கத்தான் போகிறோம், லொஃப்டை இன்ஜினியர் பார்க்கிறார், அறிக்கை வந்ததும் திகதி சொல்கிறோம். நாலு மாதம் உங்களோடு வந்த விற்பவருக்குப் புது ஆளைத் தேடி முதலிலிருந்து தொடங்குவதும் சிரமம்தான், அந்தப் புது ஆளின் லோயரும் லொஃப்டுக்குச் சான்றிதழ் கேட்பார். இன்ஜினியர் வருகிற நாளுக்கு முன்பே அம்மாவுக்கு அந்த மற்ற லோயரிடம் நேரம் எடுத்துவிடுங்கள். இரண்டு படிவத்தையும் முதல் நாளே அவரிடம் கொடுத்து, தமிழில் வாசித்துக் காட்டி, கேட்க வேண்டிய கேள்விகளை அவரையே எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா